உண்ணியைப் பிடுங்கினோம், டாக்டரிடம் மறைத்தோம்

ஜவ்வாது மலைக்குப் போகிறோம், என்னென்ன எடுத்துப் போகலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். என் பட்டியலில் முதலில் இருப்பது ஒரு ட்வீசர். சிரிக்காதீர்கள். 1984 பொங்கல் விடுமுறையில் நானும் வசந்தாவும் போய் வந்த பயணம்தான் காரணம். இருவரும் வேலூரில் ஒரே பள்ளியில் டீச்சர்கள்.

காலை ஆறேகாலுக்கு வேலூரில் பஸ். கண்ணமங்கலம் தாண்டி, போளூரில் வேறு பஸ் மாறி ஜமுனாமரத்தூர் சேரும்போது மணி பதினொன்றரை. மலை பஸ்ஸுக்கு டிக்கெட் நான்கு ரூபாய். அங்கிருந்து அருவிக்கு மூன்று கிலோமீட்டர் நடை. மாடு மேயும் தடத்தில், இடுப்பளவு புல்லுக்குள் நடந்தோம். உண்ணிக்கு வேறென்ன வேண்டும்?

அன்றிரவு ஜமுனாமரத்தூரிலேயே ஒரு அறையில் தங்கினோம். மறுநாள் காலை குளிக்கப் போனபோதுதான் வசந்தா பார்த்தாள். பாவாடை நாடாவுக்குக் கீழே, மிளகளவு உண்ணி ஒன்று தோலைக் கவ்வியிருந்தது.

"காட்டுடி, நான் எடுக்கறேன்."

"ச்சீ, போடி."

டீக்கடை அம்மாவிடம், யாருக்கு என்று சொல்லாமல் யோசனை கேட்டேன். "பீடி நெருப்ப வெச்சா தானா வுட்டுடும்க்கா" என்றார். நல்லவேளை, வசந்தா நெருப்பு வைக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நகத்தால் கிள்ளி இழுத்துவிட்டாள். உடம்பு மட்டும் நசுங்கி வந்தது, வாய் உள்ளேயே நின்றுவிட்டது. "யாராண்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணித் தொலைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். "பூச்சி ஏதாவது கடிச்சுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலைச் சுற்றி மாமனார், மாமியார், கணவர். வசந்தா இல்லையென்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போனால், அவளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. டாக்டரிடம் ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் போய்ப் பார்த்தார். கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று அன்றே மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் வசந்தா கண் விழித்துப் பேசினாள். இடது காது மட்டும் அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை.

மலையேறுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அன்றன்றைக்கு உடம்பு முழுக்கப் பாருங்கள். கூச்சப்படும் இடங்களை முதலில் பாருங்கள். உண்ணி இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெல்ல இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். வாய் உள்ளே நின்றாலும் குடையாதீர்கள், தானே வெளியே வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் அந்த வாயால் வருவதில்லை, கடியால் வருவது. சுத்தமாக எடுத்தாலும் வரலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால், டாக்டரிடம் முதல் பேச்சே உண்ணியைப் பற்றி இருக்கட்டும்.

வசந்தா கண் விழித்த அன்று, சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"இன்னாத்துக்குடி ரெண்டு நாள் சும்மா இருந்த?"