பேர் தெரியாமல் அரைத்த மிளகாய்

போன ஆனி மாசம் என் தேங்காய் நார் மில்லைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்க, என் பேரைச் சொன்னால் பஸ்ஸை மில்லு வாசலிலேயே நிறுத்துவார்கள். அஞ்சாங்கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். மட்டை சுமந்து சுமந்து மேலே வந்தவன். ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அப்படிப்பட்டவன் கண் முன்னால், வேலை செய்துகொண்டிருந்த முப்பது பொம்பளைகளையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

யாரோ தீயணைப்பு ஆபீசுக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். மில்லை விட்டு வெளியேற ஒரே வழிதான், பின்கதவை நார்க்கட்டு அடைத்திருக்கிறது, தீயணைக்கிற சிலிண்டருக்குத் தேதி முடிந்து போச்சு, இப்படி வரிசையாக. யார் எழுதினது என்று கேட்டேன். "அதைச் சொல்லக் கூடாதுங்க" என்றுவிட்டார்கள்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரனா? நான் வேலையை விட்டு நிறுத்தினவனா? பார்க்கிற முகமெல்லாம் சந்தேகமாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஆனைமலைக்குப் போனேன். நமக்கு அநியாயம் நடந்தால் மாசாணித் தாய் சந்நிதியில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவோம், உங்களுக்குத் தெரியாததில்லை. நானும் அரைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தாயே, அந்தப் புகாரை எழுதின கை எரியோணும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பூசினேன். அப்பாடா என்று இருந்தது.

சனிக்கிழமை என் கடைக்குட்டி சௌமியா வந்தது. கோயமுத்தூரில் பல்கலைக்கழகத்தில் பொதுப் பாதுகாப்பும் சட்ட அமலாக்கமும் என்று ஒரு படிப்பு, அதில் மூன்றாம் வருசம். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்தது அதுதான். "எம்பொண்ணு போலீசுக்குப் படிக்குது" என்று நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. மறுநாள் காலையில் அவர்கள் வகுப்போடு சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் பத்து நாள் மீட்புப் பயிற்சிக்குப் போவதாக இருந்தது. கயிறு பிடித்துப் பாறையில் இறங்குகிற பயிற்சி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த புள்ளை தட்டைத் தள்ளி வைத்தது. "அப்பா, அந்தப் புகாரை எழுதினது நான்தானுங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"படிப்புக்கு ஒரு வேலை செய்யற எடத்தைப் பாத்து எழுதோணும்னு நம்ம மில்லைத்தான் எழுதினேன். உங்ககிட்ட மூணு தடவை காட்டினேனுங்கல்ல? மார்க்கு வாங்கறதுக்கு நல்லா எழுதியிருக்கே கண்ணுன்னு சிரிச்சீங்க. உள்ள முப்பது பேருங்கப்பா. அதான் என் பேரைப் போட்டே தீயணைப்பு ஆபீசுக்கு அனுப்பினேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அதனுடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அது பஸ் ஏறிவிட்டது. காட்டுக்குள் போன் கிடையாதாம், முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

அந்தப் பத்து நாளை நான் எப்படிச் சொல்வேன்? கயிறு நழுவுகிற மாதிரியே இருக்கும். அடுப்பில் எண்ணெய் சுர்ரென்றால் எழுந்துவிடுவேன். சாமி சந்நிதியில் சொன்னதை எச்சில் மாதிரித் துடைக்க முடியுமா? கடைசியில் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க அம்மங்கிட்ட நியாயந்தானுங்க கேட்டீங்க?"

"ஆமா."

"எம்புள்ளை பேருல தப்பு இல்லீங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க உங்களைப் பாத்துக்குங்க."

சுரீரென்று இருந்தது. அன்றைக்கே மறுபடியும் ஆனைமலைக்கு ஓடினேன். தாய் முன்னால் விழுந்தேன். வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவன் நான். "தாயே, புத்தி கெட்டுச் சொல்லிப்போட்டேன். புள்ளையைத் தொடாதே. தப்பு யாருதோ அவனைப் புடி. அது எழுதினதை எல்லாம் நான் செய்யறேன்" என்று அழுதேன்.

வந்ததும் அனுமதி வாங்கி மில்லைத் திறந்து நார்க்கட்டுகளை அப்புறப்படுத்தச் சொன்னேன். எலெக்ட்ரீசியன் வந்தார். வாசல் பக்கத்துக் கட்டுகளுக்குப் பின்னால் வருசக்கணக்காக மூடிக்கிடந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். "ஐயா, இங்க வந்து பாருங்க." உள்ளே வயர் தோல் உருகிக் கரியாகி இருந்தது. அதில் ஒட்டியிருந்த நார்த்தூசு பாதி கருகிப்போய்க் கிடந்தது. "இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா ஆரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. பத்திக்காம இருந்ததே பெருசுங்க" என்றார். பெட்டி இருந்தது, வெளியே போக இருந்த அந்த ஒரே வாசலுக்குப் பக்கத்தில். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் நியாயம் கேட்டு வாய் திறப்பதற்கு முன்னாலேயே, மில்லைப் பூட்டித் தாய் நியாயம் செய்துவிட்டாள். அது தெரியாமல் அவளிடமே போய் மிளகாய் அரைத்திருக்கிறேன்.

ஆனாலும் புள்ளை வருகிற வரைக்கும் நெஞ்சு அடங்கவில்லை. பதினோராம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியது. ஓடிப்போய் ரெண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கயிறு உராஞ்ச காயம், அவ்வளவுதானுங்க. ஏனுங்கப்பா இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?"

அங்கேயே எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். அது சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என் பேரைச் சொல்லியா அரைச்சீங்க?"

"பேர் தெரியலையே அம்மணி."

"தெரிஞ்சிருந்தா?"

அதனுடைய பையை வாங்கக் கையை நீட்டினேன். அது, "சரி, வாங்க போலாம். ரெண்டு பேருமாப் போய் மிளகாய் எரிச்சல் தீர எண்ணெய்க் காப்பு சாத்தி அம்மனைக் குளிர வெப்போம்" என்று பையைத் தூக்கி என் தோளில் மாட்டியது. தாய் என்னை மன்னித்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

இன்றைக்கு மில்லு ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் மூன்று கதவு வைத்த நார் மில்லு என்னுடையது ஒன்றுதான், வேண்டுமானால் வந்து எண்ணிப் பாருங்க. மாசத்துக்கு ஒரு நாள் மணி அடித்து எல்லாரையும் வெளியே வரச் செய்து பழக்குகிறோம். அந்தப் பொம்பளைகள் என்னைக் கேலி செய்துகொண்டே வெளியே வருவார்கள். செய்யட்டும்.

உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தால் தைரியமாக மாசாணித் தாயிடம் போங்க. அவள் கேட்பாள், கண்ணால் கண்டவன் நான் சொல்கிறேன். ஆனால் தண்டனை யாருக்கு, என்ன தண்டனை என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. நான் சொல்லிப்போட்டுப் பத்து நாள் பட்டது போதும்.