ஊருக்குப் போகவிருந்த மாத்திரைகள்

டெல்லி கிட்வாய் நகரில், அரசு ஊழியர்களுக்கான மருந்தகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் நின்றேன். மருந்து கொடுத்ததற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், அது சம்பளத்துக்குச் செய்த வேலை. ஒரு மே மாதத்தில் செய்ததற்கு மட்டும் இன்றும் எனக்குக் கர்வம் உண்டு. பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். சொல்லட்டும்.

எண்பதுகளில் வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கிற புது மாத்திரை வந்தது. அதுவரை எரிச்சலுக்கு வெள்ளை மருந்துத் தண்ணீர்தான். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். மாத்திரையைக் கண்டதும் நம் தமிழ் ஜனங்களுக்கு ஒட்டுமொத்தமாக வயிறு எரிய ஆரம்பித்தது. அதிலும் கோடை லீவுக்கு ரயிலேறும் வாரம் கேட்கவே வேண்டாம். "ரொம்ப எரியுது டாக்டர் சாப்" என்று முகத்தைச் சுளித்தால் ஒரு மாதத்துக்கு எழுதிவிடுவார். அது ஊருக்குப் போய், 'டெல்லி மாத்திரை' என்று சித்தப்பாவுக்கும் மாமனாருக்கும் பங்கு பிரியும். மாமனார் பஜ்ஜி தின்றுவிட்டு ஒன்று போட்டுக்கொள்வார்.

அந்த மே மாதம், பக்கத்து பிளாக்கில் இருந்த பியூன் ஒருவரின் மனைவி சீட்டோடு வந்தாள். குடல் புண்ணால் ரத்த வாந்தி எடுத்த புருஷன் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். ஆறு வாரம் விடாமல் அந்த மாத்திரை சாப்பிட வேண்டும். அலமாரியில் ஒன்றுகூட இல்லை. அடுத்த சரக்கு வரப் பத்து நாளாகும்.

"கடையில வாங்கக் கட்டுப்படியாகாதுக்கா. நடுவுல விட்டா மறுபடி ரத்தம் வரும்னு சொல்லியிருக்காங்க," என்றாள். அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்பட? எடுத்துக் கொடுத்தது என் கைதானே. யார் யார் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். என் பெட்டியிலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்த என் அண்ணனுக்காக மூன்று அட்டை, புடவைகளுக்கு நடுவே.

வீட்டுக்குப் போனதும் அதைத்தான் முதலில் எடுத்தேன்.

"உங்கண்ணன் கேப்பாரே," என்றார் என் கணவர்.

"ராத்திரி பரோட்டாவ நிறுத்தச் சொல்லுங்க. தன்னால அடங்கிரும்."

அப்படியே ஐந்து வீடு ஏறினேன். நாலு வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் பெரிய ஆபீசர். படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சர்க்கார் குடுத்தது. திருப்பிக் கேக்க நீ யாரும்மா?"

"எடுத்துக் குடுத்தவ சார். உங்க வயிறு எரியலைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்து பிளாக்ல ஒருத்தர் ரத்தமா கக்கியிருக்காரு."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பெட்டியைத் திறந்துவிட்டாள். "அச்சா, எடுத்துட்டுப் போம்மா. எங்கப்பாவுக்கு மோர் போதும்."

சட்டப்படி நான் செய்தது தப்புத்தான். பிரிக்காத அட்டைகளாகப் பார்த்து வாங்கி, இருட்டுவதற்குள் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். புதுச் சரக்கு வரும்வரை தாங்கியது.

மறுநாள் டாக்டரிடம் போய், கேட்டவர்களுக்கெல்லாம் எழுதித் தராதீர்கள் என்றேன். பஞ்சாபிக்காரர், நல்லவர், முன்கோபி. எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று ஹிந்தியில் கத்தினார். நானும் குரலை இறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாத்திரை கேட்பவரிடம் அவரே விசாரிக்க ஆரம்பித்தார்: மூட்டு வலிக்கென்று வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரை ஏதாவது போடுகிறாயா, ஒரு நாளைக்கு எத்தனை சாய், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாயா? பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியிலேயே எரிச்சல் ஆறிப்போனது. மற்றவர்களுக்கும் இரண்டு வாரத்துக்குத்தான் எழுதுவார். மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அதற்கடுத்த மே மாதம் எங்கள் அலமாரி காலியாகவில்லை.

அந்தப் பியூன், ஆறு வாரம் முடிந்ததும் தானே நடந்து வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஜன்னல் வழியாக அரை அட்டையை நீட்டினார்.

"புண்ணு ஆறிடுச்சும்மா. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. இது மிச்சம். எனக்கு இனிமே எதுக்கு?"

அந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காமலே ஜன்னலுக்குத் திரும்பி வந்த மருந்து அது ஒன்றுதான்.