சந்தையில் அடித்த ஸ்டாஃப் ரூம் போன்

எங்க ஸ்கூல்ல புதுசா இன்டர்நெட் போன் வச்சிருக்காவ. ஸ்டாஃப் ரூம் நம்பருக்குக் கூப்பிட்டா நம்ம செல்போன்லயும் அடிக்கும்.

பள்ளி நேரத்துல வெளிய போனா மெமோன்னு ஹெச்.எம். உத்தரவு. ஆனாலும் போன் இருக்குத தைரியத்துல, இன்னைக்கு ஃப்ரீ பீரியட்ல மணவாளக்குறிச்சி சந்தைக்கு மீன் வாங்க ஓடிட்டேன்.

சாளை மீனைப் புரட்டிப் பார்த்துட்டு நிக்கும்போது ஸ்டாஃப் ரூம் நம்பருக்கு ஹெச்.எம். கூப்பிட்டாரு.

"டீச்சர், எங்க நிக்கிய?"

"ஸ்டாஃப் ரூம்லதான் சார். நீங்க?"

"நான் ஆபீஸ்ல."

அந்நேரம் பாத்து மீன்கார அக்கா, "துடிக்கிற சாளை!"ன்னு ஒரு சத்தம். ஒரு நொடி கழிச்சு அதே சத்தம் போனுக்குள்ளயும் கேட்டுது. இன்டர்நெட் போன்ல எதிரொலி வரும்னு மாட்ட வந்தவரு சொன்னாரே, அதுதான்னு நெனச்சேன்.

அக்கா என்னையும் எனக்குப் பின்னாலயும் மாறி மாறிப் பாத்தாவ.

"சாரே, டீச்சரே! ரெண்டு பேரும் முதுகு முட்ட நிக்கிய. பொறவு எதுக்கு போன்ல பேசுதிய?"

திரும்பினேன். சார் ஒரு கையில மீன் பை, மறு கையில போன்.

போனைக் காதுல இருந்து எடுக்காமலே, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாரு: "லைன் சரியில்ல டீச்சர், வைக்கேன்."

நானும் "சரி சார்"னு வச்சுட்டேன்.

நாளைக்கு யாரு யாருக்கு மெமோ குடுக்கணும் மக்கா? சொல்லுங்க.