வெராக்ரூஸிலிருந்து வந்த படம்

கல்லறைத் திருநாளன்று விஜிலா கல்லறைத் தோட்டத்துப் பக்கமே போகமாட்டாள். தெருவே மெழுகுதிரியும் பூவுமாகக் கிளம்பும்போது, அவள் மட்டும் இறால் கம்பெனியில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொள்வாள். புருசன் ரோச் போன விசைப்படகு புயலில் கவிழ்ந்து, அவன் மட்டும் கிடைக்கவில்லை. உடல் வராத மனுசனுக்குப் பூசை வைக்க யார் சொன்னது என்று சாமியாரிடமே சண்டைக்கு நின்றவள் அவள். மிச்சம் இருந்தது மகன் ரெக்சன். அவனும் கப்பல் வேலைக்குப் போய்விட்டான்.

இந்த வருடம் அதே நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, செல்போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியது ரெக்சனோடு கப்பலில் இருக்கும் ஷாம். கப்பல் மெக்சிகோவில் வெராக்ரூஸ் துறைமுகத்தில் நிற்பதாகப் போன வாரம் மகன் சொல்லியிருந்தான். படத்தில் மேசை நிறையக் கேந்திப் பூ, எரியும் மெழுகுதிரி, மண்டையோட்டுப் பொம்மை. நடுவில், மணப்பாட்டுத் திருவிழாவில் அப்பனும் மகனும் தோளில் கைபோட்டு எடுத்த போட்டோ. கூட ஒரு வார்த்தை இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்; புருசனோடு மகனும் பூவுக்கு நடுவில். செத்தவர் படத்துக்குத்தானே பூவும் திரியும்? ரெக்சனின் போன் சுவிட்ச் ஆஃப். ஷாம் எடுக்கவில்லை. ஏஜென்ட் ஆபீசில் "கேட்டுச் சொல்லுதோம்" என்றார்கள். ரோச்சுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்லிவிடலாம். கடலுக்கு ஏற்கெனவே ஒரு ஆளைக் கொடுத்தவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் வந்து, "ஏளா, ஒண்ணும் இருக்காது. எங்கூட கல்லறைக்கு வா" என்றாள்.

"அங்கன வந்து எத்தனை பேருக்குத் திரி கொளுத்த? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

அதற்குப் பிறகு பிளாரன்ஸும் போகவில்லை.

பொழுது சாயும் நேரம் ஷாமின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்க விஜிலாவுக்குக் கை வரவில்லை. பிளாரன்ஸ்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"ம்மா, நான்தான்."

ரெக்சன் குரல். அவள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அவனுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

"இங்கன செத்தவுக திருநாள்மா. வெள்ளைக்காரன் சிலுவையோட வாரதுக்கு முந்தியே இந்தச் சனம் செத்தவுகளுக்கு விருந்து வச்சிருக்கு. சாமியார்மார் நிறுத்திப் பாத்து முடியாம, நம்ம கல்லறைத் திருநாளோட சேத்துட்டாவளாம். மாலுமி விடுதியில சமைக்கிற அம்மா எங்க ஆளுக வீட்டுல செத்தவுக படத்தையும் வைக்கச் சொன்னா. எங்கிட்ட அப்பா படம் அது ஒண்ணுதான். உசிரோட இருக்கவன் படம் ஆகாதுன்னு என் முகத்தப் பூவால மூடித்தான் வச்சேன். பூ சரிஞ்சிட்டு. ஷாம் அப்படியே எடுத்து அனுப்பிட்டான்."

போன உயிர் திரும்பியதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரக் கேட்டுலே அப்பாவ அங்கன வச்ச?"

"பூவப் பாத்து வழி தெரிஞ்சு வந்து சாப்பிடுவாவளாம்மா. நம்ம வீட்டுல அப்பாவ யாரும் கூப்பிடவே இல்லல்லா."

"சாப்பிட என்னலே வச்ச?"

"ரொட்டி."

"ரொட்டிய அவுக தொடமாட்டாவ. சோறு வைலே" என்று சொல்லிவிட்டு, பிளாரன்ஸின் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள்.