வர்தாவின் கடியும் யமீனாவின் பிடிவாதமும்

நிஹாதின் கைபட்டு வர்தா அடுக்கியிருந்த கட்டைக் கோபுரம் சரிந்தது. கண் இமைப்பதற்குள் வர்தா அந்தக் கையைக் கடித்துவிட்டாள். மொஸ்தகானெம் என்ற ஊரின் துறைமுகத்துக்கு மேலே, மேட்டிலிருந்த அந்தச் சின்னப் பள்ளியின் பாலர் வகுப்பில் அது முதல் கடி அல்ல.

மறுநாள் காலையில் தாய்மார்கள் வாசலிலேயே வகுப்பாசிரியை யமீனாவை மடக்கினார்கள். நிஹாதின் அம்மா ஜாஸியாதான் முன்னால் நின்றாள்.

"துறைமுகத்துப் பூனைகூட இப்படிக் கடிக்காது டீச்சர்! ஒண்ணு அவ இருக்கணும், இல்ல எங்க புள்ளைங்க இருக்கணும்."

மரியாதைக்காக எல்லோரும் 'சி' சேர்த்து அழைக்கும் தலைமையாசிரியர் சி லக்தர், யமீனாவைத் தனியே அழைத்தார். "குளிர்கால லீவு வரைக்கும் பார்க்கலாம்மா. அப்புறம் இவங்களை என்னால சமாளிக்க முடியாது."

"சரி. ஆனா மூலையில நிக்க வைக்கிறதை இன்னியோட நிறுத்தறேன்."

"நிறுத்திட்டு?"

"பேசப் போறேன்."

சி லக்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சால் கடி நிற்கும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இல்லை.

யமீனா அந்த வகுப்பில் நெடுங்காலமாக இருப்பவள். வர்தாவை அவளும் மூலையில் நிறுத்திப் பார்த்தவள்தான். மூலையிலிருந்து திரும்பியதும் முதலில் அகப்பட்ட பிள்ளையை வர்தா கடித்தாள். பிறகு யமீனா உற்றுக் கவனிக்கத் தொடங்கினாள். மற்ற பிள்ளைகள் 'அது என்னோடது', 'நான்தான் முதல்ல' என்று சண்டை போட்டார்கள். வர்தாவிடம் இருந்தவை 'தா', 'வேணாம்', 'போ' ஆகியவை மட்டுமே. மற்றதையெல்லாம் அவள் பல்லால்தான் சொல்லியாக வேண்டியிருந்தது.

அன்று மாலையே யமீனா வர்தாவின் வீட்டுக்குப் போனாள். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருக்க, அம்மா கெய்ரா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குச் சஹாராவில் எரிவாயுக் கிணற்றில் வேலை. எப்போதாவதுதான் வருவான்.

"என் பொண்ணு ஊமையில்ல டீச்சர்," என்றாள் கெய்ரா, யமீனா உட்காரும் முன்பே.

"யார் சொன்னா ஊமைன்னு? நீங்க அவகிட்ட என்ன பேசுவீங்க?"

"சாப்பிடு, தூங்கு, சும்மா இரு. வேறென்ன? இந்தப் பட்டாணியோடயா பேசிட்டிருக்க முடியும்?"

"பட்டாணியோடயே பேசுங்க. பக்கத்துல அவ இருந்தாப் போதும்."

கெய்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அது சட்டென்று அடங்கியது. "அவ அப்பா கிளம்பிப் போனா எனக்கு வாயே திறக்கத் தோணாது."

"அதையும் அவகிட்ட சொல்லுங்க. அவளுக்கும் அதே வருத்தம் இருக்கும். அதுக்கு என்ன பேருன்னுதான் தெரியல."

கெய்ரா எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள்.

வகுப்பில் யமீனா ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். முகத்தைச் சுளிப்பாள், தோளைத் தொங்கப் போடுவாள். "டீச்சர் எப்படி இருக்கேன்?" என்பாள். "கோபம்!" "பயம்!" "வயித்து வலி!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வர்தா மட்டும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவளுடைய கோட்டைக் கழற்றப் போன யமீனாவின் கையையே வர்தா கடித்தாள். யமீனாவின் மறுகை தானாக ஓங்கியது. அவள் அதைக் கீழே இறக்கினாள்.

"எனக்கு வலிக்குது. கோபமும் வருது. ஆனா அடிக்க மாட்டேன். உனக்குக் கோட்டைக் கழட்டப் பிடிக்கல, அப்படித்தானே?"

வர்தா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குளுருது," என்றாள் கடைசியில்.

கையில் கட்டோடு யமீனா மறுநாளும் வந்து அதே விளையாட்டை நடத்தினாள். அதற்கடுத்த நாளும் நடத்தினாள்.

விடுமுறை நெருங்கிய ஒரு காலையில், வர்தா களிமண்ணில் செய்திருந்த ஆட்டை நிஹாத் எடுத்துவிட்டாள். வர்தா வாயைத் திறந்தாள். யமீனா பாய்ந்து எழுந்தாள்.

"எனக்குக் கோபம்! உன் மேல கோபம்! அது என் ஆடு, நான் செஞ்சேன்!" என்று கத்தினாள் வர்தா.

அந்தக் கத்தலில் சி லக்தர் ஓடி வந்தார். "யாரைக் கடிச்சா?"

"யாரையும் கடிக்கல."

"பின்னே என்ன இந்தக் கூச்சல்?"

"பேசறா சார்," என்றாள் யமீனா.

மிரண்டுபோன நிஹாத் ஆட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு கால் ஒடிந்திருந்தது. வர்தா தேம்பி அழுதாள். நிஹாத் கொஞ்சம் யோசித்துவிட்டு, புதுக் கால் ஒன்றை உருட்டி ஒட்டினாள். யானைக்கால்போல் இருந்தது அது.

விடுமுறை முடிந்ததும் ஜாஸியா வந்து நின்றாள், வேறொரு புகாரோடு.

"'நீ கத்தினா எனக்குப் பயமா இருக்கும்மா'ன்னு என்கிட்டயே சொல்றா நிஹாத். இதையெல்லாம் யார் கத்துக் குடுத்தது?"

"நான்தான். நீங்க என்ன சொன்னீங்க?"

ஜாஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னத்தைச் சொல்ல? கொஞ்சம் மெதுவாக் கத்தினேன்."

வசந்தத்தில் வர்தா இன்னொரு முறை கடித்தாள், தன் முடியை இழுத்த பையனை. யமீனா அதை யாரிடமும் மறைக்கவில்லை. வாசலிலும் யாரும் கூடவில்லை.

பள்ளி ஆண்டின் முடிவில் யமீனா சி லக்தரின் அறைக்குப் போனாள். "வர்தா அடுத்து முதல் வகுப்புக்குப் போறா. அங்கயும் அவளை மூலையில நிறுத்தாம இருக்கணும்னா, அங்க இருக்கற டீச்சருங்களோட நான் உட்கார்ந்து பேசணும்."

"யோசிக்கலாம்மா."

"எப்போ சார்?" என்று கேட்ட யமீனா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.