சாவியைத் திருப்ப விடாத கை

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. முச்சந்தியில் யாராவது எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தால் மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள், நான் அதை எடுத்து வந்து கழுவி ஊறுகாய் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் அந்த ஊறுகாயைச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பதானால் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்து போய்விடாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் ஃபியூஸுக்கான வெள்ளைப் பீங்கான் கட்டைகளை வைக்கோல் வைத்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கம்பெனிக்கு ஒரு பழைய வேன் இருந்தது. அதை ஓட்டிய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வேறு டிரைவர் கிடைக்கும் வரைக்கும் நான் ஓட்டுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றேன். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. எங்கள் தெரு மாணிக்கம் அண்ணன், லாரி டிரைவர், அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பொம்பளை ஓட்டினால் சரக்கு ஊர் போய்ச் சேருமா என்று முதலாளி கேட்டார். ஒரு பெட்டி உடைந்தாலும் நானே இறங்கிவிடுகிறேன் என்றேன். ஒரு வருஷம் ஆகியும் ஒன்றும் உடையவில்லை, அவரும் வேறு டிரைவரைத் தேடவில்லை.

மாணிக்கம் அண்ணன் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து, கண்ணை மூடச் சொல்வார். "லைட்டு எங்க? வைப்பர் எங்க? ஹாரனு எங்க?" என்று கேட்கக் கேட்க நான் தொட்டுக் காட்ட வேண்டும். தப்பாகத் தொட்டால் மறுபடி முதலில் இருந்து. "ரோட்டுல போவும்போது சுவிட்ச தேடிக்கினு குனிஞ்சியான்னு வச்சிக்க, எதிர்ல வர்றவன் ஒனக்காவ நிக்க மாட்டான்" என்பார். பத்து நாளில் என் விரல்களுக்குக் கண் வந்துவிட்டது. இதெல்லாம் நல்ல பாடம்.

ஒரே ஒரு கெட்ட பாடமும் உண்டு. "எறக்கம் வந்தா நியூட்ரல் போட்டு சாவிய அணைச்சிடு. வண்டி தானா உருண்டு போவும், பெட்ரோலு மிச்சம்." எங்கள் பக்கத்தில் அந்த நாளில் எல்லா டிரைவர்களும் இதைத்தான் செய்தார்கள். செய்யாதவனை ஓட்டத் தெரியாதவன் என்று கேலி செய்வார்கள். நானும் செய்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ரோடு நீளமாக இறங்கும், அங்கே தினமும் சாவியை ஒரு படி திருப்பி அணைத்துவிட்டுச் சும்மா உருண்டு வருவேன். கை தானாகப் போகும்.

அன்றைக்கு ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள். பூஜைக்கு எங்கள் கம்பெனிப் பெண்கள் வேனையே சந்தனத்தால் மெழுகிவிட்டிருந்தார்கள். ஸ்டீயரிங், ஸ்பீடு மீட்டர், லைட்டு சுவிட்ச், கடைசியில் சாவி போடுகிற ஓட்டை வரைக்கும் சந்தனமும் குங்குமமும். நான் ஒரு துணியைப் போட்டுத் துடைத்திருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கச்சி மல்லிகாவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. அவள் புருஷன் சேத்தியாத்தோப்புக்கு வேலைக்குப் போயிருந்தான். போன தடவை இதேபோல் நேரமாகித்தான் அவளுடைய முதல் குழந்தை வயிற்றிலேயே போனது. நான் சாவியை எடுத்தேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து நின்றார்.

"மொதலாளி இல்ல செல்வி. அவரு வரட்டும், கேட்டுக்கிட்டு எடுத்துக்கினு போ."

"அவரு வர்ற வரிக்கும் கொழந்த காத்திருக்குமா சார்? வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கச் சொல்லுங்க. நா போயிட்டு வரேன்."

போனேன். மல்லிகாவையும் அவள் மாமியாரையும் பின்சீட்டில் ஏற்றினேன். முன்னால் என் பக்கத்து சீட்டில் இறக்காத பீங்கான் பெட்டிகள் இரண்டு, கூரை தொடுகிற அளவுக்கு. அதாவது அங்கே ஈ உட்காரவும் இடம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்.

திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னாலேயே பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரி இன்னும் மூன்று மைல். நடு ரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பின்னால் மல்லிகா அடித்தொண்டையில் கத்துகிறாள், மாமியார் எல்லா சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. பாலம் தாண்டி இறக்கம் வந்ததும் நியூட்ரல் போட்டேன். ஒரு சொட்டாவது மிச்சமாகட்டும் என்று வலது கையால் சாவியைப் பிடித்துத் திருப்பினேன்.

திரும்பவில்லை.

சாவி இறுகியிருந்தது என்று நினைக்காதீர்கள். சாவி இருக்கட்டும், என் கையே திரும்பவில்லை. மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், பட்டப்பகல், வெயில் கண்ணாடியில் அடிக்கிறது, என் கை என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அதன்மேல் ஒன்றும் இல்லை, ஆனால் எலும்பு நோகிற மாதிரி பிடி. பயத்தில் இருக்கிற மாமியார்தான் பின்னாலிருந்து எட்டிப் பிடித்துவிட்டது என்று நினைத்து எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அத்த, கைய வுடு! வண்டி ஓட்டறனா இல்லியா?"

"நா எங்கடி புடிச்சன்? எங் கை ரெண்டும் புள்ளகிட்ட இருக்குது!"

கண்ணாடியில் பார்த்தேன். கிழவியின் இரண்டு கையும் மல்லிகாவின் தோளில்தான் இருந்தன. நான் விடவில்லை. எனக்கு யார்மீதாவது கோபம் வந்தால் பயம் வராது, அது என் பிறவிக் குணம். பல்லைக் கடித்துக்கொண்டு என் பலம் மொத்தமும் போட்டுச் சாவியைத் திருப்பப் பார்த்தேன். அந்தப் பிடியும் அதே அளவுக்கு இறுகியது. அந்த இழுபறி எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு நாலைந்து மூச்சு நேரம் இருக்கும், வண்டி அதற்குள் நல்ல வேகம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் இடப்பக்கச் சந்திலிருந்து களிமண் ஏற்றிய டிராக்டர் ஒன்று பார்க்காமல் ரோட்டில் மூக்கை நீட்டியது. ஓட்டுகிறவன் வேறு பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டு வருகிறான். அந்த நொடியில் என் கை விடுபட்டது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தேன், பிறகு இடது பக்கம் ஒடித்தேன். டிரெய்லர் எங்கள் இடப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. வலப்பக்கத்துச் சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. அந்தப் பக்கம் இருபது அடிப் பள்ளம், கீழே ஆறு. நாங்கள் ரோட்டில் இருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தவில்லை, கியரைப் போட்டு ஒரே மூச்சில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போன அரை மணியில் பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதம் என்றால் இதுவும் போயிருக்கும் என்றாள் நர்ஸ். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்த நர்ஸ்தான் முதலில் என் கையைப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், கன்றிப்போய்.

"யாரும்மா இப்டி புடிச்சது? வூட்டுக்காரரா? பயப்படாம சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் ரயில்வே ஜங்ஷனில் மூட்டை தூக்குபவர், ஆனால் வீட்டில் கொசுவைக்கூட வெளியே போகச் சொல்லிக் கேட்டுக்கொள்கிற ஆள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முதலாளி குதித்தார். வண்டியில் ஏதோ இருக்கிறது, பரிகாரம் செய்கிற வரைக்கும் நீ தொடாதே என்றார். பேக்கிங்கில் ஒருத்தி கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டச் சொன்னாள், இன்னொருத்தி மாதாதான் கையைப் பிடித்தாள் என்று மெழுகுவத்தி வாங்கிவந்தாள், சூப்பர்வைசர் மட்டும் பெரிய விஞ்ஞானி போல, சந்தனம் சாவி ஓட்டையில் காய்ந்து இறுகிவிட்டது, அவ்வளவுதான் என்றார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. வண்டியை நானே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், சாவிப் பூட்டைக் கழற்றச் சொன்னேன். எண்ணெய் போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. சந்தனத்தின் வாசனைகூட இல்லை. ஆனால் கழற்றிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏம்மா, இதுல ஸ்டீயரிங்க பூட்டற பின்னு இருக்குது பாருங்க, ஸ்பிரிங்கு ஒடஞ்சி கெடக்குது. சாவிய உருவாமலே, சும்மா அணைச்சாலே பூட்டிக்கும். ஓட்டத்துல அணைச்சிருந்தீங்கன்னா ஸ்டீயரிங்கு இம்மி அசைஞ்சிருக்காது."

முந்தின நாள் வரை தினமும் அணைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் பூட்டவில்லை. ஸ்பிரிங் எப்போது உடைந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நேரே மாணிக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணே, நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றேன். முப்பது வருஷமாக ஓட்டுகிறவனிடம் வந்து பேசுகிறாயா என்று எகிறினார். அவர் ஓட்டிய பழைய லாரியில் ஸ்டீயரிங் பூட்டே கிடையாது, அதற்குச் சரியாக இருந்த பழக்கம் இந்த வண்டியில் மூன்று உயிரைக் கொன்றிருக்கும், நாலாவது வயிற்றில் இருந்த உயிர் என்றேன். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளிக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். பூட்டை மாற்றுங்கள், பூசணிக்காய் உடைக்க வேண்டாம், வண்டியை நான்தான் ஓட்டுவேன். பூட்டை மாற்றினார். நான் ஆறு வருஷம் அந்த வேனையே ஓட்டினேன், ஓடுகிற வண்டியில் ஒருநாளும் சாவியைத் தொடவில்லை.

இதுவரைக்கும் சொன்னதற்கு நீங்கள் ஏதாவது காரணம் சொல்லலாம். பயத்தில் நரம்பு இழுத்துக்கொண்டது என்று ஒரு டாக்டர் சொன்னார், சரி என்று கேட்டுக்கொண்டேன். இனி சொல்வதற்குக் காரணம் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அந்தத் தடம் நாலைந்து நாள் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் நானே என் இடது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார், பின்னால் நின்று எட்டிப் பிடித்துப் பார்த்தார், எதுவும் சேரவில்லை. நீங்களும் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருந்தோ பின்னால் இருந்தோ ஒருவர் பிடித்தால் அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நம் உள்ளங்கைப் பக்கமாக விழும், சுண்டுவிரல் முழங்கைப் பக்கம். என் கையில் தலைகீழாக இருந்தது. பெருவிரல் முழங்கைப் பக்கம், சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம். கடைசியில் அவர் எழுந்து வந்து எனக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் உட்கார்ந்து பிடித்தார். ஐந்து விரலும் அச்சாகப் போய் உட்கார்ந்தன. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

வண்டியில் எனக்கு நேர் எதிரே இருந்தது ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும்தான்.

எனக்குப் பயம் கிடையாது. இன்றைக்கும் அதே இறக்கத்தில் என் காரை நான்தான் ஓட்டுகிறேன், மல்லிகாவின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும் கிளம்புவதற்கு முன்னால் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு உள்ளே ஒருமுறை துழாவிப் பார்த்துவிடுவேன். ஒயர்கள்தான் கையில் படும், இதுவரைக்கும்.