வெள்ளைச் சட்டை

தொண்ணூறுகளில் ஜேர்மனியின் எசன் நகரில், ஹொங்கொங்காரர் ஒருவரின் உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவிய அண்ணை ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஈரக் கையோடு நின்று, முதலாளி விருந்தினரை வரவேற்பதைப் பார்ப்பதே அவர் பழக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலாளி பேசும் கன்டனீஸ் மொழியின் மரியாதைச் சொற்களைக் கொப்பியில் எழுதி உரக்கப் பாடமாக்கினேன்.

பரிமாற ஆள் தேடிய முதலாளியின் காதில் விழட்டுமென்று, ஆறு மாதமாகக் கூட நிற்கும் சமையல்காரரிடம், தங்கள் திருநாமம் யாதோ என்று கன்டனீஸில் கேட்டேன். அடுப்படியே சிரித்தது.

அன்று மாலை வாசலுக்கு வந்த சீன முதியவரிடம் அண்ணை அதையே கேட்டார். பரிமாறும் வேலை அண்ணைக்குப் போனது.

"எங்கையண்ணை படிச்சனீங்கள்?"

"அந்தச் சொல்லு நீர் பாடமாக்கேக்கை கேட்டதுதான், தம்பி. ஆருக்குச் சொல்லுறதெண்டதை முதலாளியிட்டைப் பாத்தனான்."

அவருக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டை அளவாகவும் இருந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.